வடிகட்டிய எண்ணெய்

எனக்கு வயது எழுபத்தெட்டு. வளர்த்து ஆளாக்கியது ஏழு பேர். வயிற்றில் சுமந்தது ஐந்து. மற்ற இரண்டும் என் தங்கை விட்டுப் போனவை. ஏழில் எது யார் பெற்றது என்று எங்கள் தோட்டத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது. தெரியும்படி நான் வைத்துக்கொண்டதில்லை.

தோட்டத்துப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு வரை போனேன். கையெழுத்துப் போடுவேன். பஸ்ஸில் எழுதியிருக்கும் ஊர்ப் பெயரைப் படிப்பேன். அதற்கு மேல் எழுத வேண்டுமென்றால் ஆள் வேண்டும். இதை எழுதுவது என் கடைசி மகனுடைய மகள். ஷா ஆலாமில் படிக்கிறவள், விடுமுறைக்கு வந்திருக்கிறாள். நான் பேசுகிறபடி அவள் எழுதவில்லை, புத்தகத் தமிழில் எழுதுகிறாள். விஷயத்தை மாற்றாதவரை எனக்கு அதில் வருத்தமில்லை.

விஷயம் எண்ணெய். ஐரோப்பாவிலிருந்து வந்த ஒரு பெண், என் வீட்டில் எண்ணெய் எப்படிப் புழங்குகிறது என்று ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லிக் கேட்டாள். அந்தப் பக்கம் ஆங்கிலத்தில் போய்விட்டது. அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு பக்கத்தில் அடங்குகிற கதையும் இல்லை.

நாங்கள் இருப்பது மலேசியாவில், கோல சிலாங்கூரிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளிய ஒரு தாமான், சின்னக் குடியிருப்பு. தோட்டம் கைமாறி, நாங்கள் இருந்த வரிசை வீடுகளை, லயத்தை, இடித்தபோது எங்களுக்குக் கிடைத்த வீடுகள். அந்தத் தோட்டத்தில் நான் பால்மரம் வெட்டியவள், ரப்பர் மரப் பட்டையைக் கீறிப் பால் எடுக்கிற வேலை. பிறகு ரப்பரைச் சாய்த்துவிட்டுச் செம்பனை போட்டார்கள். இப்போது என் வீட்டு வாசலில் நின்றால், நான் வெட்டிய மரங்கள் இருந்த இடத்தில் செம்பனை தெரியும். அந்தக் குலை ஆலைக்குப் போகிறது, ஆலையிலிருந்து எண்ணெய் பாக்கெட்டில் கடைக்கு வருகிறது, அங்கிருந்து என் குவாலிக்கு, பொரிக்கிற சட்டிக்கு. அதுவரைதான் எனக்குத் தெரியும். குவாலிக்குப் பிறகும் அதற்கு ஒரு வழி இருக்கிறது என்பதை என் கடைசி மகன் இந்த வேலைக்குப் போன பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

அவன் முன்பு செம்பனைக் குலை ஏற்றுகிற வேலையில் இருந்தான். நீளக் கம்பியால் குலையைக் குத்தி லோரிக்கு மேலே எறிய வேண்டும். ஒரு நாள் எறிந்த கையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டான். முதுகு போய்விட்டது. பல மாதம் வீட்டில் கிடந்த பிறகு அவனுக்குக் கிடைத்ததுதான் இந்த எண்ணெய் லோரி. பொரித்து முடித்த பழைய எண்ணெயைக் கடைகளிலும் வீடுகளிலும் வாங்கிச் சேர்க்கும் வேலை. லோரியில் ஒரு பம்ப் இருக்கிறது. குழாயைப் போட்டால் அதுவே உறிஞ்சிக்கொள்ளும். குனிந்து தூக்க வேண்டியதில்லை. சுங்கை செம்பிலாங்கில் மீன் பொரிக்கிற கடைகள், சபாக் வரைக்கும் ரொட்டிக் கடைகள், நடுவில் எங்கள் தாமான் மாதிரியான இடங்கள் எல்லாம் அவன் சுற்று. சேர்ந்த எண்ணெய் கிள்ளான் துறைமுகத்துக்குப் போய்க் கப்பல் ஏறுகிறது. ஐரோப்பாவில் அதைச் சுத்திகரித்து பஸ்ஸுக்கும் லோரிக்கும் ஊற்றுகிறார்களாம். முதலில் இதைக் கேட்டபோது நான் நம்பவில்லை. எதிர்வீட்டுக்காரி நம்பினாள்.

"வெள்ளைக்காரன் ஊரு பஸ்ஸெல்லாம் நம்ம முறுக்கு வாசத்தோட ஓடும்லா, அக்கா," என்றாள்.

எங்கள் தாமானில் எண்ணெய் கொஞ்சம் அதிகம். நானும் எதிர்வீட்டுக்காரியும் இன்னும் சில பெண்களும் கல்யாணத்துக்கும் தீபாவளிக்கும் முறுக்கு, அதிரசம் சுட்டுக் கொடுக்கிறோம். எதிர்வீட்டுக்காரியும் என்னோடு பால்மரம் வெட்டியவள். என்னைவிட நாலைந்து வயது இளையவள். வாய் மட்டும் எல்லோருக்கும் மூத்தது.

ஒரு நாள் மகன் வந்து, எண்ணெயைப் பார்க்க ஐரோப்பாவிலிருந்து ஆள் வருகிறது என்றான்.

"எதுக்கு?"

"அங்க பழசுக்குத்தான் விலை அதிகம்னு எங்கயோ சில பேரு புது எண்ணெயையே பழசுன்னு சொல்லி வித்துட்டாங்களாம்மா. அதனால எங்கேர்ந்து வருதுன்னு வீடு வீடா பாக்கறாங்க. நம்ம தாமானுக்குத்தான் முதல்ல வர்றாங்க."

"பாத்து என்ன செய்வாங்க?"

"சரியா இருந்தா தொடர்ந்து எடுக்கலாம். இல்லன்னா என் சுத்து போயிடும்."

அவ்வளவுதான் சொன்னான். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. அவன் மனைவி அடுப்படியில் நின்று என்னைப் பார்த்தாள். சுற்று போனால் அவனுக்கு வேறு என்ன வேலை இருக்கிறது என்பது எங்கள் மூவருக்கும் தெரியும். செம்பனைக் குலை இருக்கிறது.

இந்த இடத்தில் ஒட்டுப்பாலைப் பற்றிச் சொல்ல வேண்டும். மரத்தை வெட்டினால் பால் வடிந்து மங்கில் விழும். விழுந்தது போக, வெட்டுக் கோட்டிலும் மங்கிலும் கொஞ்சம் ஒட்டிக் காய்ந்துபோகும். மறுநாள் அதை உரித்துப் பையில் போட்டுக்கொள்வோம். அதற்கும் நிறுவை உண்டு. ஆனால் மரப்பட்டையும் மண்ணும் கலந்திருந்தால், வேலையை மேற்பார்க்கிற மண்டோர் பைக்குள் கையை விட்டு ஒரு பிடி எடுத்துப் பார்த்துவிட்டு எடையைக் குறைத்துவிடுவான். அதனால் நிறுவைக்கு முன்னால் பெண்களெல்லாம் மரத்தடியில் உட்கார்ந்து பட்டையைக் கிள்ளிக் கிள்ளி எடுப்போம். என் பையில் அவன் ஒரு நாளும் எடை குறைத்ததில்லை. கழிவுதானே என்று அழுக்காகக் கொண்டுபோய்க் கொடுக்கிற பழக்கம் எங்களுக்கு வந்ததே இல்லை.

ஆகவே, ஐரோப்பாவிலிருந்து ஆள் வந்து எண்ணெயைப் பார்க்கப் போகிறது என்றதும் நாங்கள் என்ன செய்திருப்போம் என்பதை யாரும் யோசித்துக் கண்டுபிடிக்கத் தேவையில்லை. பின்பக்கம் எல்லோரும் கூடினோம். அவரவர் வீட்டில் சேர்ந்திருந்த எண்ணெயைக் கொண்டுவந்தார்கள். கறுப்பாக, அடியில் முறுக்குத் தூளும் அதிரசத்தின் கருகலுமாக இருந்தது. ஒரு நாள் ஆடாமல் வைத்துத் தெளியவிட்டோம். தெளிந்ததை இளஞ்சூட்டில் வைத்து, அரிசி மாவைக் கரைத்து ஊற்றினோம். மாவு கட்டியாகும்போது மிச்சத் தூளையெல்லாம் தன்னோடு இழுத்துக்கொள்ளும். வாடை போக ஒரு புளி உருண்டை. பிறகு பழைய வேட்டித் துணியில் வடிகட்டினோம். பிளாஸ்டிக் கேன்களைக் கழுவி வெயிலில் கவிழ்த்துக் காயவைத்து அதில் ஊற்றினோம். வரிசையாக வைத்தபோது தேன் மாதிரி இருந்தது.

"பொண்ணு பாக்க வர்ற மாதிரி அடுக்கி வச்சிருக்கீங்களே அக்கா. பூ ஒண்ணுதான் குறை," என்றாள் எதிர்வீட்டுக்காரி.

"பட்டை ஒண்ணு கிடைக்குமான்னு பாரு."

"மண்டோரு செத்து எழுந்து வந்து கைய விட்டாலும் கிடைக்காது."

மகன் அன்று சபாக் பக்கம் போயிருந்தான். திரும்பி வர இருட்டிவிட்டது. அவன் கேன்களைப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை அந்தப் பெண் வந்தாள். கூடவே எண்ணெய்க் கம்பெனியின் அதிகாரி, ஒரு மலாய் இளைஞர். அவள் உயரமான பெண், நாற்பது வயது இருக்கும். யாரும் சொல்லாமலே செருப்பை வெளியில் கழற்றிவிட்டு வந்தாள். அது எனக்குப் பிடித்திருந்தது. தேநீரை முழுக்கக் குடித்தாள். பேத்திதான் நடுவில் நின்று இரண்டு பக்கமும் சொன்னாள்.

பிறகு கேன்கள் பக்கம் போனாள். ஒன்றைத் திறந்து முகர்ந்தாள். கண்ணாடிக் குப்பியில் கொஞ்சம் ஊற்றி வெயிலில் தூக்கிப் பிடித்தாள். அடுத்ததைத் திறந்தாள். அதற்கடுத்ததையும். நான் பாராட்டுக்குக் காத்திருந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். அதிகாரியின் முகத்தைப் பார்த்த பிறகுதான் ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. அவர் என் மகனிடம் மலாயில் மெதுவாக, இது புது எண்ணெய் மாதிரி இருக்கிறதே என்றார்.

மகன் கேன்களைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"என்னம்மா பண்ணீங்க?"

"சுத்தம் பண்ணோம்."

அவன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். பேத்தி அந்தப் பெண்ணிடம் வேகமாக ஆங்கிலத்தில் ஏதோ சொன்னாள். அவள் கேட்டுக்கொண்டாள். ஆனால் கேட்பதும் நம்புவதும் ஒன்றல்ல. அது எனக்கு எந்த மொழியிலும் தெரியும்.

"சுத்தமா குடுத்தா தப்பா? என்ன ஊரு இது," என்றாள் எதிர்வீட்டுக்காரி.

"சின்னப் பாட்டி, அவங்களுக்கு அது வேஸ்ட்டா இருக்கணும். யூஸ் பண்ணி முடிச்சதுன்னு பாத்தாலே தெரியணும். அப்பத்தான் ரூல்படி எடுக்க முடியும்," என்றாள் பேத்தி.

"அழுக்கக் கப்பல்ல ஏத்திகிட்டு அவ்ளோ தூரம் போவாங்களா?"

"ஆமா, சின்னப் பாட்டி. அதுதான் சிஸ்டம்."

அந்தப் பெண் உட்கார்ந்து பொறுமையாக விளக்கினாள். அவள் நகரத்தில் காய்கறித் தோலுக்கென்று தனித் தொட்டி, அதிலிருந்து எரிவாயு எடுக்கிறார்களாம். காலிப் பாட்டிலை ஒரு இயந்திரத்தில் போட்டால் காசு திரும்ப வருமாம். துணி துவைக்கும் இயந்திரத்தை விற்காமல் வாடகைக்கு விடுகிற கம்பெனி இருக்கிறதாம். பழுதானால் அவர்களே எடுத்துப்போய்ப் பிரித்து வேறொன்று செய்வார்களாம். கட்டடத்தை இடிக்கும்முன் கதவு, செங்கல், கம்பி எல்லாவற்றையும் எழுதிவைத்து இன்னொரு கட்டடத்துக்குக் கொடுக்கிறார்களாம். ஒரு பொருள் சுற்றிச் சுற்றி வர வேண்டும், எங்கேயும் குப்பையாக நின்றுவிடக் கூடாது என்பது அவர்கள் எண்ணம். அரசாங்கமே சட்டம் போட்டிருக்கிறதாம்.

நல்ல எண்ணம்தான். எனக்கு அதில் ஒரு குறையும் தோன்றவில்லை. ஒன்றே ஒன்றுதான் நினைத்தேன். அவர்கள் கணக்கில் ஒரு பொருளுக்கு மரியாதை வர வேண்டுமென்றால் முதலில் யாராவது அதைத் தூக்கி எறிய வேண்டும். எறியாதவர்களுக்கு அந்தக் கணக்கில் இடமில்லை. என் சமையலறைப் பின்கதவு லயத்துக் கதவு. இடித்தபோது என் வீட்டுக்காரர் தோளில் சுமந்து வந்தது. எந்த வீட்டுக் கதவு என்று நாங்கள் எழுதிவைக்கவில்லை. ஏழு பிள்ளைகளின் உயரம் அதில் கத்தியால் கீறியிருக்கும், அதுதான் அடையாளம்.

எதிர்வீட்டுக்காரிக்கு எண்ணெயோடு நிறுத்த மனமில்லை. "போன வருசம் உங்க மவன் போற வழியில பாத்தானே அக்கா, ஒரு தகரக் கொட்டாய்க்குப் பின்னால மலை மாதிரி பிளாஸ்டிக்கு, எல்லாத்துலயும் வேத்து ஊரு எழுத்துன்னு. அதக் கேக்கச் சொல்லுங்க. அவங்க ஊரு குப்பை இங்க வருதா இல்லியா?"

பேத்தி தயங்கினாள்.

"சொல்லு, பாப்பா. எங்கள மட்டும் பாக்க வந்தாங்கல்ல."

சொன்னாள். அதிகாரி தரையைப் பார்த்தார். அந்தப் பெண் முகம் சிவந்தது. ஆனால் மழுப்பவில்லை. "ஆமாம், எனக்குத் தெரியும்," என்று மட்டும் சொன்னாள். அதற்குப் பிறகு எதிர்வீட்டுக்காரி அவளிடம் கொஞ்சம் தணிந்துதான் பேசினாள்.

அடுப்பைப் பார்க்க வேண்டும் என்று அவள் பின்பக்கம் வந்தாள். லயத்துக் கதவைத் தொட்டுப் பார்த்தாள். வெளியே ஒரு பழைய அலுமினியச் சட்டியில் வடிகட்டிய கசடு இருந்தது. கறுத்த மாவும் தூளுமாகக் கட்டியாகி, பார்க்கவே சகிக்காது. எதிர்வீட்டுக்காரி அதைத் தேங்காய் மட்டையில் தடவி அடுப்புப் பற்றவைக்க எடுத்துவைத்திருந்தாள். வந்தவர்கள் கண்ணில் பட்டுவிட்டதே என்று அவசரமாக முறத்தால் மூடப் போனாள். அந்தப் பெண் தடுத்து, ஒரு குச்சியால் கிளறி, குனிந்து முகர்ந்து, சின்னக் குப்பி ஒன்றில் கொஞ்சம் அள்ளிப் போட்டுக்கொண்டாள். காலையிலிருந்து அப்போதுதான் அவள் முகம் இளகியது.

ஆனால் முடிவு சொல்லவில்லை. எண்ணெயையும் கசடையும் சோதனைக்கு அனுப்ப வேண்டும், அதுவரை இந்தச் சுற்று நிற்கட்டும் என்றார் அதிகாரி. புறப்படும்போது அந்தப் பெண் பேத்தியிடம் ஏதோ கேட்டாள்.

"பாட்டி, வீட்டுல எண்ணெய எப்படி யூஸ் பண்றீங்க, ஏன் க்ளீன் பண்ணீங்கன்னு உங்க வார்த்தையிலயே ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்றாங்க. ஹெல்ப்பா இருக்குமாம்."

"நான் எதுக்கு எழுதணும்? என் எண்ணெயில சந்தேகம் அவங்களுக்கு. எனக்கு இல்ல."

பேத்தி அதை எப்படி மாற்றிச் சொன்னாளோ, அந்தப் பெண் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள்.

லோரி வாசலில் நின்றது. மகன் அதைக் கழுவினான். அடுத்த நாளும் கழுவினான். நான் சாப்பிடக் கூப்பிட்டால் வந்தான், சாப்பிட்டான், மறுபடி லோரிப் பக்கம் போனான். ஒருமுறை மட்டும், தட்டில் கை கழுவிக்கொண்டே, "நீங்க சுத்தம் பண்ணாம இருந்திருந்தாத்தான்மா எனக்கு ஆச்சரியமா இருந்திருக்கும்," என்றான். கோபமாகச் சொல்லியிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன். அவன் சிரித்துக்கொண்டு சொன்னான்.

குலை ஏற்றும் குத்தகைக்காரர் கேள்விப்பட்டு ஆள் அனுப்பினார். முதல் தடவை வேண்டாம் என்றான். இரண்டாம் தடவை போனான். விடிந்ததும் புறப்பட்டவன் மதியத்துக்கு முன்பே வந்துவிட்டான். உள்ளே வந்து கூடத்துச் சிமெண்டுத் தரையில் மெதுவாக, ஒவ்வொரு கையாக ஊன்றி, மல்லாந்து படுத்தான். மனைவி தைலம் கொண்டு வந்தாள். திரும்பிப் படுக்கச் சொன்னாள். அவனால் திரும்ப முடியவில்லை.

நான் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த ஏழு பேரில் ஒருவருக்காகவும் நான் யாரிடமும் போய் விளக்கம் சொல்லி நின்றதில்லை. பள்ளிக்கூடத்திலும் இல்லை, தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி வீட்டு வாசலிலும் இல்லை. என் வேலை பேசும் என்று விட்டுவிடுவேன். பேசியும் இருக்கிறது. இந்தத் தடவை என் வேலைதான் அவனைத் தரையில் கிடத்தியிருந்தது. அதற்காக அது தப்பான வேலை என்று நான் இப்போதும் சொல்ல மாட்டேன். ஆனால் அதைப் பார்த்தே தெரிந்துகொள்ள முடியாத ஊரிலிருந்து ஒருத்தி வந்திருக்கிறாள் என்றால் யாராவது வாயைத் திறந்து சொல்லத்தான் வேண்டும்.

பேத்தியைக் கூப்பிட்டேன்.

"அந்த ஒரு பக்கத்த எழுது."

"இப்பவா பாட்டி?"

"இப்பத்தான். அவன் எழுந்திரிக்கறதுக்குள்ள."

சொன்னேன். முதல் தடவை முறுக்கு, அடுத்து அதிரசம், பிறகு கருவாடு, அதற்குப் பிறகு வாய்க்கு ஆகாது என்றால் கேன். ஒட்டுப்பாலையும் சொன்னேன், மண்டோர் கையையும் சொன்னேன். மகன் தரையில் கிடந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தான். நடுவில், "அம்மா, கருவாட்டக்கூடவா சொல்லணும்," என்றான். எல்லாவற்றையும் சொல்லத்தான் வேண்டும் என்றேன். பேத்தி அதை ஆங்கிலமாக்கி அன்றைக்கே போனில் அனுப்பினாள்.

பதில் உடனே வரவில்லை. மகன் எழுந்து நடமாட ஆரம்பித்த பிறகு ஒரு பிற்பகலில் அதிகாரி கூப்பிட்டார். எண்ணெய் பழையதுதான் என்று சோதனையில் தெரிந்துவிட்டதாம். கசடும் அதோடு பொருந்துகிறதாம். பாட்டியின் பக்கத்தை அந்தப் பெண் தன் அறிக்கையோடு சேர்த்துக்கொண்டாளாம். லோரியை எடுக்கலாம். ஒரே ஒரு நிபந்தனை: இனிமேல் யாரும் வடிகட்டக் கூடாது. எப்படி இருக்கிறதோ அப்படியே கொடுக்க வேண்டும்.

மகன் போனை வைத்துவிட்டு அதைச் சொன்னபோது எதிர்வீட்டுக்காரி வாசலிலேயே உட்கார்ந்து சிரித்தாள். "இந்த வயசுல அழுக்கா இருக்கச் சொல்லிக் குடுக்கறாங்க பாருங்க அக்கா நமக்கு."

அடுத்த நாள் லோரி புறப்பட்டது. அவன் பம்ப் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு நிமிர்ந்து நடந்ததைச் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தேன்.

இப்போதெல்லாம் முறுக்குச் சுட்டு முடிந்ததும் எண்ணெயைத் தூளோடும் கருகலோடும் அப்படியே கேனில் ஊற்றுகிறேன். ஊற்றும்போது கை தானாக வேட்டித் துணியைத் தேடும். எடுப்பதில்லை. ஆனால் கேனின் வெளிப்பக்கத்தைச் சோப்புப் போட்டுத் தேய்த்துத் துடைத்துத்தான் வாசலில் வைக்கிறேன். அதைப் பற்றி யாரும் எந்த நிபந்தனையும் போடவில்லை.

சொல்ல வேண்டியது இவ்வளவுதான். எழுதுகிறவளுக்கும் என் கைதான் வாய்த்திருக்கிறது. அழுக்காக இருப்பதைப் பார்த்தால் சும்மா விட மாட்டாள். கருவாட்டை எடுத்துவிட்டாளோ, நான் அதிகாரியைப் பார்த்துப் பயந்ததை நல்லதாக மாற்றிவிட்டாளோ தெரியவில்லை.

பாப்பா, எங்க, முதல்லேர்ந்து படி. நிதானமா படி. கேட்டுகிட்டே வர்றேன்.